கந்தலிற் பிறக்கும் கூடை

பனையோலையிற் பெட்டி இழைக்கும் கலையை நாம் அறிவோம். கந்தலிலும் கூடை பிறக்கும். பழம் பருத்திச் சேலையை இரண்டு அங்குல அகலக் கீலங்களாகக் கிழித்து, முப்புரியாகப் பின்னவேண்டும். மூன்று புரியின் ஒட்டுகளும் ஓரிடத்திற் கூடலாகாது. கூடினால் பின்னல் தடிக்கும். பின்னலைச் சுருளாக வளைத்து, சுற்றோடு சுற்றை ஊசியாற் பிணைத்தால் அடித்தட்டு அமையும். பின், அடுத்த சுற்றைப் பக்கத்தில் வைக்காது விளிம்பின்மேல் ஏற்றித் தைக்கச் சுவர் எழும். நூல் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனை அறுத்தாலோ கூடை வெறுங் கயிறாகிவிடும்.

மறைந்த அன்னையின் சேலையைப் பெட்டகத்திற் பூட்டிச் செல்லரிக்க விடுவோர் உளர். என் அன்னையின் சேலையோ கூடையாகி, மேசைமீது என் பிள்ளைகளின் எழுதுகோல்களைத் தாங்குகிறது. நாளும் கை தொடும் பொருளிலேயே நினைவு வாழும் என்பேன்.