பாசலில் டீசல் கணக்கு: கட்டுமான நிறுவனங்களும் எரிபொருள் அட்டையும்

எரிபொருள் அட்டை என்பது எண்ணெய் விற்பனை நிறுவனங்கள் தொழில் நிறுவனங்களுக்குத் தரும் கடன் அட்டை. ஓட்டுநர் டீசல் நிரப்பி, ரகசிய எண்ணை அழுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். பணம் கைமாறாது. எல்லா வண்டிகளுக்கும் சேர்த்து மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஒரே பில் அலுவலகத்துக்கு வரும். இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட் அட்டைகளை வைத்திருக்கும் நாமக்கல் லாரி உரிமையாளர்களுக்கு இது புதிதல்ல. சுவிட்சர்லாந்தில் மிக்ரோல், அவியா, அக்ரோலா, சோகார் முதலிய நிறுவனங்கள் இத்தகைய அட்டைகளைத் தருகின்றன. பல நாடுகளில் செல்லுபடியாகும் அட்டைகளில் ஜெர்மனியின் டிகேவி பெயர்பெற்றது.

ஜெர்மன் எல்லையை ஒட்டிய சுவிஸ் நகரமான பாசலில் இந்த அட்டைக்குக் கூடுதல் பொருள் உண்டு. சுவிட்சர்லாந்து இறக்குமதி செய்யும் எண்ணெயில் கணிசமான பங்கு ரைன் நதி வழியாக இங்குள்ள கிளைன்ஹூனிங்கன், பிர்ஸ்ஃபெல்டன், முட்டென்ஸ் துறைமுகங்களில் இறங்குகிறது. ஆனாலும் டீசல் இங்கே மலிவல்ல. லிட்டருக்குச் சுமார் 80 ராப்பன் (நூறு ராப்பன் ஒரு ஃபிராங்க்) எரிபொருள் வரியாகவே போகிறது. ஜெர்மனியில் அந்த வரி 47 சென்ட். எல்லைக்கு அப்பால் வைல் ஆம் ரைன் ஊரின் விலைப்பலகை பாசலில் இருந்து சில நிமிடப் பயணத்தில் இருக்கிறது; ஓட்டுநர்களுக்கு ஆசை வருவது இயல்பு.

தனி மனிதருக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். நிறுவனத்துக்குப் பெரும்பாலும் அப்படியல்ல. சுவிஸ் டீசல் விலையில் அடங்கிய 8.1 சதவீத மதிப்புக்கூட்டு வரியை, வரிப்பதிவு உள்ள நிறுவனம் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் கட்டும் 19 சதவீதம் திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நிறுவனங்களுக்கு எரிபொருள் மீதான வரியைத் திருப்பித் தருவதில்லை என்று ஜெர்மன் சட்டமே சொல்கிறது. வேலைத்தள இயந்திரங்களுக்கென்று கேன்களில் நிரப்பிக் கொண்டுவரவும் வழியில்லை. வண்டியின் தொட்டியில் இருப்பது போக 25 லிட்டருக்குத்தான் சுங்கச் சலுகை. எந்த நாட்டில் அட்டை செல்லும் என்பதை நிறுவனமே வரையறுத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிராது.

ரசீது விஷயமும் இதோடு சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் 400 ஃபிராங்க் வரையிலான கடைச் சீட்டில் வாங்கியவர் பெயர் இல்லாவிட்டாலும் வரிக்கழிவு கேட்கலாம். அதற்கு மேல் போனால் பெயரும் முகவரியும் வேண்டும். ஒரு டிப்பர் லாரிக்கு 300 லிட்டர் நிரப்பினாலே அந்த வரம்பு தாண்டிவிடுகிறது. ஓட்டுநரின் சட்டைப்பையில் கசங்கி எழுத்து மங்கிய சீட்டுகளை வைத்துக்கொண்டு கணக்காளர் படும் பாடு எல்லா ஊரிலும் ஒன்றுதான். அட்டை நிறுவனத்தின் மாத பில்லில் நிறுவனப் பெயர், தேதி, லிட்டர், வரி எல்லாம் முறையாக இருக்கும். கணக்கு ஆவணங்களைப் பத்து ஆண்டு பாதுகாக்க வேண்டிய நாட்டில் இது சிறிய வசதியல்ல.

விளம்பரங்கள் முன்னிறுத்துவது லிட்டருக்குச் சில ராப்பன் தள்ளுபடியை. அது நிலையத்தின் விலைப்பலகையிலிருந்து கழிக்கப்படுகிறதா, அட்டை நிறுவனம் தானே போட்ட பட்டியல் விலையிலிருந்தா என்று பார்த்தால் சில சலுகைகள் கரைந்துவிடும். உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. கட்டுமானத்தில் லாப நட்டம் வேலைத்தளம் வாரியாகப் பார்க்கப்படுகிறது. பாசலில் ரோஷ் மருந்து நிறுவனத்தின் 205 மீட்டர் கோபுரம் போன்ற பெரிய வேலையானாலும், அருகிலுள்ள லீஸ்டாலில் ஒரு வீட்டின் அடித்தளமானாலும், அந்த வேலைக்கு எவ்வளவு டீசல் செலவானது என்று தெரியாமல் அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்குச் சரியான விலை போட முடியாது. சில அட்டைகளில் நிரப்பும்போதே கிலோமீட்டர் அளவையும் வேலை எண்ணையும் கேட்கும்படி அமைக்கலாம். மண் அள்ளும் வேலையில் எரிபொருள் எவ்வளவு தின்றது, கான்கிரீட் வேலையில் எவ்வளவு என்பது அப்போது ஊகமாக இருக்காது.

திருட்டையும் இந்தப் பதிவு காட்டிக்கொடுக்கும். 80 லிட்டர் தொட்டி உள்ள வேனுக்கு 110 லிட்டர் நிரப்பியதாகப் பதிவானால் கேள்வி எழும். ஞாயிற்றுக்கிழமை இரவு நிரப்பியிருந்தாலும் அப்படியே. டீசலும் ஆட்ப்ளூ என்ற புகைச் சுத்திகரிப்புத் திரவமும் மட்டும், காபியும் சிகரெட்டும் கிடையாது என்று கட்டுப்பாடு வைக்கலாம். நாள் வரம்பும் வைக்கலாம். ஆனால் ரகசிய எண்ணை அட்டையின் பின்புறம் எழுதி ஒட்டும் பழக்கம் இருக்கும் இடத்தில் எந்தக் கட்டுப்பாடும் உதவாது. ஓட்டுநர்கள் அடிக்கடி மாறும் நிறுவனத்தில் அட்டையை ஆளுக்கு அல்லாமல் வண்டிக்குக் கொடுத்து, எண்ணை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக வைப்பது நல்லது.

கடன் தவணையும் உதவிதான். கட்டுமானத்தில் செய்த வேலைக்குப் பணம் வரத் தாமதமாகும். டீசலோ தினமும் வேண்டும். அட்டை தரும் சில வார அவகாசம் அந்த இடைவெளியைத் தாங்கும். பதிலுக்கு நிறுவனத்தின் நிதிநிலையைச் சோதிப்பார்கள், சில இடங்களில் வைப்புத்தொகையும் கேட்பார்கள்.

அட்டையால் தீராத பாதி இன்னும் இருக்கிறது. பொக்லைனும் ரோடு ரோலரும் எரிபொருள் நிலையத்துக்கு ஓடிவருவதில்லை. அவற்றுக்கு டேங்கர் லாரி தளத்துக்கே வர வேண்டும், அல்லது சிறு தொட்டி வைத்து நிரப்ப வேண்டும். விவசாயத்துக்கும் வனத்தொழிலுக்கும் கல் குவாரிக்கும் எரிபொருள் வரியைத் திருப்பித் தரும் சலுகை கட்டுமான இயந்திரங்களுக்கு இல்லை. அங்கே செலவாகும் ஒவ்வொரு லிட்டரும் முழு வரியோடு வருகிறது. டேங்கர் பில்லையும் அட்டை பில்லையும் ஒரே வேலை எண்ணில் சேர்க்காத நிறுவனத்துக்கு அட்டையின் கணக்கு அரைக் கணக்கே.

லிட்டர் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. பாசல் நகர மாநிலம் 2022 நவம்பர் வாக்கெடுப்பில், 2037க்குள் பசுமைக்குடில் வாயு உமிழ்வை நிகர சுழியமாக்க முடிவு செய்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு வெளியேறும். லிட்டர் கணக்கு கையில் இருந்தால் உமிழ்வுக் கணக்கு ஒரு பெருக்கல்தான். இப்போது பல அட்டைகளில் மின் வண்டிக்கு மின்னேற்றமும் செய்யலாம்.

இரண்டு வேன் வைத்திருக்கும் வண்ணப்பூச்சு ஒப்பந்தக்காரருக்கு வங்கி அட்டையே போதும். பத்து வண்டிக்கு மேல் ஓட்டுபவர்கள் கையெழுத்திடுமுன், தள்ளுபடியைவிட முதலில் அட்டை செல்லும் நிலையங்கள் தங்கள் வேலைத்தளங்களுக்கு அருகில் உள்ளனவா, லாரி நுழையும் அளவுக்கு இடம் உண்டா, மாதக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.