பாலைக் காய்ச்சினால் மட்டும் போதுமா?

நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் உணவைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுள் பாலைப் பற்றியவையே அதிகம். மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமியைத் தரிசித்துவிட்டு நேரே மருத்துவமனைக்கு வருபவர்களின் கையில் திருநீற்றுடன் ஒரு பால்கோவாப் பொட்டலமும் இருப்பது இவ்வூர் வழக்கம். “இதைக் கொடுக்கலாமா? பாலில் என்னென்னவோ கலக்கிறார்களாமே? நன்றாகக் காய்ச்சிவிட்டால் எல்லாம் போய்விடும் அல்லவா?” என்று அவர்கள் கேட்பதுண்டு. இம்மூன்றில் கடைசிக் கேள்விக்கான விடைதான் பலருக்கும் வியப்பளிப்பது.

காய்ச்சுவதால் காசநோய்க் கிருமி, புரூசெல்லா முதலிய நோய்க்கிருமிகள் அழிகின்றன. ஆகவே பச்சைப் பாலை யாரும் அருந்தலாகாது. நோயுற்றவர்கள் அருந்தவே கூடாது. ஆனால் கொதிக்கவைத்தாலும் அழியாத, மணமும் சுவையும் நிறமும் காட்டிக்கொடுக்காத ஒரு நச்சு பாலில் வந்து சேரக்கூடும். அதை எவரும் கலப்படமாகக் கலப்பதில்லை. மாடு தின்ற தீவனத்திலிருந்து அது வருகிறது.

இந்த உண்மை தெரியவந்த விதம் அறியத்தக்கது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. கிருமி எதுவும் அகப்படவில்லை. தீவனத்தை ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் வளர்ந்து ஒரு நச்சைச் சுரந்திருந்தது தெரிந்தது. பூசணத்தின் பெயரைச் சுருக்கி அந்த நச்சுக்கு ‘அஃப்லடாக்சின்’ என்று பெயரிட்டனர். அதே புண்ணாக்கைத் தின்ற பசுக்களின் பாலைப் பற்றிய ஐயம் அடுத்து எழுந்தது. அப்பாலிலிருந்து பிரித்தெடுத்த பொருளை வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பூசணம் பிடித்த கடலையைத் தின்ற குஞ்சுகளுக்கு ஏற்பட்ட அதே கல்லீரல் சிதைவு அவற்றுக்கும் ஏற்பட்டது. தீவனத்தில் இருப்பது அஃப்லடாக்சின் பி1. பசுவின் கல்லீரல் அதை மாற்றிப் பாலில் வெளியேற்றும் வடிவம் அஃப்லடாக்சின் எம்1. மாடு உட்கொண்டதில் பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே பாலுக்கு வருகிறது.

நம் நாட்டிலும் இந்நச்சு உயிர்களைப் பறித்திருக்கிறது. 1974-இல் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்கள் மஞ்சட்காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கண்டு துன்புற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நிகழ்வை ஆராய்ந்து காரணம் மக்காச்சோளமே என்று காட்டியவர்கள் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார். அந்நிறுவனம் 1918-இல் நமது குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-இல் அங்கே இடம்பெயர்ந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இவ்வாறு ஒரேயடியாக மிகுந்த அளவில் உட்கொண்டு இறப்பது அரிது. சிறிய அளவில் நெடுங்காலம் உடலில் சேர்வதே மருத்துவர்களின் கவலை. அஃப்லடாக்சின் பி1 மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட செய்தி. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களிடம் அவ்வாய்ப்பு பன்மடங்கு உயர்கிறது. பாலில் வரும் எம்1-இன் வீரியம் பி1-இல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆயினும் பாலை மிகுதியாக அருந்துபவர்கள் குழந்தைகளும் நோயாளிகளும் முதியோரும் என்பதால் அதற்கும் வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் அவ்வரம்பு ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம், அதாவது, ஒரு டன் பாலில் அரை மில்லிகிராம். இவ்வளவு நுண்ணிய அளவை நாக்கும் மூக்கும் எப்படி அறியும்? ஆய்வுக்கூடக் கருவிகளால் மட்டுமே அறிய இயலும்.

அவ்வாறு அளந்தபோது கிடைத்த விடை நம் மாநிலத்தார் ஊன்றி நோக்க வேண்டியது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் 1,103 நகரங்களில் 6,432 பால் மாதிரிகளைத் திரட்டிச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவுகளை வெளியிட்டது. யூரியா, சலவைத்தூள் என்று நாம் அஞ்சும் வகையிலான கலப்படம் காரணமாகப் பாதுகாப்பற்றவையாகக் கண்டறியப்பட்டவை 12 மாதிரிகள் மட்டுமே. வரம்புக்கு மேல் அஃப்லடாக்சின் எம்1 இருந்தவையோ 368. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அவ்வாறு இருந்தன. எண்ணிக்கையில் நம் மாநிலமே முதலிடம். பண்ணையில் கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில் இச்சிக்கல் மிகுதியாகக் காணப்பட்டது. பலருடைய பால் ஒன்றாகக் கலந்தே பாக்கெட்டுக்கு வருகிறது. கலந்த பிறகு பதப்படுத்தும் வெப்பத்தால் இந்நச்சை நீக்க முடிவதில்லை என்பதை இங்கே கருத வேண்டும்.

இம்முடிவைக் கண்டு பாலையே நிறுத்திவிட வேண்டும் என்று எண்ணுவது தவறு. அறுவைச் சிகிச்சை முடிந்து தேறிவருபவருக்கும் காசநோய் மருந்து உண்பவருக்கும் பால் எளிதில் கிடைக்கும் புரதம். அஞ்சிப் பாலை விட்டவர் உடல் மெலிவதைத்தான் எங்களைப் போன்றோர் அடிக்கடி காண்கிறோம். 368 என்பது 6,432-இல் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு என்பதையும் மறக்கலாகாது.

திருத்தம் தொடங்க வேண்டிய இடம் மாட்டுத் தொழுவம். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகிய மூன்றும் நம் வட்டாரத்து மாடுகளின் அன்றாடத் தீவனம். ஈரம் பட்டால் பூசணம் விரும்பி வளர்வதும் இவற்றில்தான். மனிதர் உண்ண உதவாதது என்று ஒதுக்கியதை மாட்டுக்குப் போடுவது வீடுதோறும் உள்ள பழக்கம். பூசணம் பிடித்த கடலையும் சோளமும் அப்படித்தான் தொழுவத்துக்குப் போகின்றன. இரண்டு நாளில் டம்ளரில் நம்மிடமே திரும்புகின்றன. இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாள்களில் பாலில் நச்சு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சொந்தமாக மாடு வைத்திருக்கும் குடும்பத்தார் புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கி, சாரல் படாமல் காத்து, கட்டி தட்டியதையும் பச்சையாகவோ கருப்பாகவோ பூத்ததையும் குப்பையில் கொட்டிவிட்டாலே போதும். கொட்டுவதற்கு மனம் வராது என்பதை அறிவோம். விலைக்கு விற்கும் தீவனத்தைப் பொறுத்தவரை, அது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோலுக்கு உட்பட வேண்டும் என்று ஆணையம் 2020-இல் உத்தரவிட்டது. நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிவைக்கப்பட்டும் வந்தது. ஆய்வு காட்டிய வழியில் சட்டம் நடந்துவரச் சற்றுக் காலம் பிடிக்கவே செய்கிறது.

கல்லீரல் நோயாளிகளும் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களும் பாலைவிடக் கடலையில் அதிகக் கவனம் கொள்ள வேண்டும். சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலைப் பருப்பை உண்ணலாகாது. வறுத்தாலும் நச்சு முழுவதும் போகாது. பூசணம் படர்ந்த கொப்பரை, வற்றல் மிளகாய் ஆகியவற்றைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவதும் கூடாது.

இனி பால்கோவாவுக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அக்குறியீடு பண்டத்தின் பிறப்பிடத்துக்குச் சான்று. அதை ஒவ்வொரு பொட்டலத்துக்குமான பாதுகாப்புச் சான்றாகக் கொள்ளலாகாது. அதற்குப் பார்க்க வேண்டியது பொட்டலத்தின்மேல் உள்ள 14 இலக்க உரிம எண்ணும் தயாரித்த நாளும். மாவு கலந்திருக்குமோ என்று ஐயம் எழுந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்: சிறிதளவு பால்கோவாவை நீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பின் இரண்டு மூன்று துளி டிங்சர் அயோடின் விட வேண்டும். நீல நிறம் தோன்றினால் மாவுப்பொருள் இருக்கிறது. சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் தெரியாமல் போகும்; சோதித்ததை உண்ணவும் கூடாது. எம்1 நச்சை இவ்வாறு வீட்டில் கண்டறிய வழியில்லை.

ஆய்வுக்கூடத்தின் வாயில் பொதுமக்களுக்கும் திறந்தே இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தித் தாம் வாங்கிய உணவை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப்போவதை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. உணவு சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவு வந்தால் கட்டணம் திருப்பித் தரப்படும். நமக்கு அருகில் மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் அளித்தால் அலுவலர்களே வந்து மாதிரி எடுப்பர்.

நோயாளிக்குப் பால்கோவா கொடுக்கலாமா என்ற முதல் கேள்விக்கு, நீரிழிவு உள்ளவருக்கு வேண்டாம் என்பதே விடை. அதற்குக் காரணம் அதிலுள்ள சர்க்கரை. மற்றவர்கள் தமக்கு வகுத்துள்ள உணவுத் திட்டத்தைப் பிரிவுச் செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு, ஒரு கரண்டி கொடுக்கலாம்.