கொழும்பிலே கொடுக்கல் வாங்கல் – 9: காரின் விலையில் யாருக்கு எவ்வளவு?

சென்ற வாரம், வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் உறுதியிலே எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். வீட்டுக்கு அடுத்தபடியாக, ஒரு நடுத்தரக் குடும்பம் பல வருஷ காலச் சேமிப்பை ஒரே நாளில் எடுத்துக் கொடுக்கிற சந்தர்ப்பம் கார் வாங்குகிற சந்தர்ப்பந்தான். செட்டியார் தெரு நகைக்கடையிலே, பவுன் விலை இன்றைக்கு இன்னது என்பதை விசாரித்துக்கொண்டு போய், அதில் ஒரு சதமேனும் குறைக்கும்படி கேளாமல், செய்கூலியையும் சேதாரத்தையும் மாத்திரம் தனியே பிரித்து வைத்து அரைமணி நேரம் பேசி ஒரு நியாயமான முடிவுக்கு வருகிற அதே தாய்மார், கார் விற்கிற இடத்துக்குப் போனதும், விற்பனையாளர் கடுதாசியில் எழுதிக் காட்டுகிற ஒரே தொகையை அப்படியே ஏற்றுக்கொண்டு, "ஒரு இரண்டு இலட்சம் குறையுங்கோ" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் ஐம்பதினாயிரம் குறைத்ததும் திருப்தியோடு எழுந்து வந்துவிடுகிறார்கள். நகைக்கடையிலே அவர்கள் கைக்கொள்கிற முறையே காருக்கும் உரிய முறை என்பது என் உறுதியான அபிப்பிராயம். விலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்த பின்பு, விற்கிறவருக்கு உரிய பங்கைப் பற்றி மட்டுமே பேச வேண்டும்.

"அண்ணை, எங்களுக்கு இதிலை ஒண்டும் இல்லை, முழுக்க வரிதான்" என்பது கொழும்பிலே கார் விற்கிற அநேகர் வாயில் வருகிற வாசகம். இதில் உண்மை நிறைய உண்டு என்பதனாலேயே இது வாங்குகிறவரை வாயடைக்கச் செய்கிறது. 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, 20 சதவீதச் சுங்கத் தீர்வையும், அந்தத் தீர்வையில் பாதியளவான மேலதிகக் கட்டணமும் விதிக்கப்பட்டன. அதன்மேல் எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு, மின்சாரக் காராயின் மோட்டாரின் வலுவைக் கொண்டு, கணிக்கப்படுகிற உற்பத்தி வரி. குறித்ததொரு பெறுமதியைத் தாண்டிய கார்களுக்குச் சொகுசு வரி. காரின் பெறுமதியோடு தீர்வையும் உற்பத்தி வரியும் சேர்ந்த தொகையின்மேல் 18 சதவீதப் பெறுமதிசேர் வரி. வரியின்மேல் வரியாக இவ்விதம் ஏறி வருவதனால், நாம் கொடுக்கிற பணத்தில் பாதியளவு திறைசேரிக்குப் போவது சகஜமாகிவிட்டது. அந்தப் பாதியை எந்த வியாபாரியும் குறைக்க முடியாது. அவரிடம் அதைக் கேட்பதிலும் பிரயோஜனமில்லை. ஆனால் எஞ்சிய பாதிக்குள்ளே ஜப்பானிலோ இந்தியாவிலோ காருக்குக் கொடுத்த விலை, கப்பற் கூலி, காப்புறுதி, வங்கிச் செலவு, துறைமுகச் செலவு, கடைசியாக வியாபாரியின் இலாபம் ஆகியவை அடங்கியிருக்கின்றன. 'முழுக்க வரி' என்ற வாசகம் இந்தக் கடைசி உருப்படியைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடுகிறது.

இந்த மறைப்புக்கு நாம் ஏன் இலகுவில் இணங்குகிறோம் என்பதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. 1960களிலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டு, 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் இருந்த கார்களையே பழுதுபார்த்து ஓட்டிய தேசம் இது. யாழ்ப்பாணத்தார் யுத்த காலப் பொருளாதாரத் தடையின்போது ஏ-40 ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியதை நேரே கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பின்னர் 2020 மார்ச்சிலே மறுபடியும் இறக்குமதி நின்றது; 2022இலே ரூபாயின் மதிப்பு சரிந்தது; ஏறத்தாழ ஐந்து வருஷ காலம் புதுக் கார் வராமையால், பாவித்த கார்கள் வாங்கிய விலையைவிட மிகுந்த விலைக்கு விற்கப்பட்டன. வேறு தேசங்களிலே கடையை விட்டு வெளியே வந்த கணத்திலேயே விலை இறங்குகிற ஒரு பண்டம், இங்கே காணியைப் போலவும் பவுனைப் போலவும் சேமிப்பாக மாறிவிட்டது. 'இன்றைக்கு வாங்காவிட்டால் நாளைக்கு வாங்க முடியாது' என்ற அச்சம் அந்த அனுபவத்தில் விளைந்தது. அது நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரவு செலவுத் திட்டம் நெருங்குகிற ஒவ்வொரு முறையும், 'வரி கூடப் போகிறது, மறுபடியும் நிற்பாட்டப் போகிறார்கள்' என்ற வதந்தி அந்த அச்சத்தைக் கிளறி, வாங்குகிறவர்களை அவசரப்படுத்துகிறது என்பதும், அவசரத்தோடு வருகிறவரிடம் விலை குறைக்க வேண்டிய நிர்ப்பந்தம் எந்த வியாபாரிக்கும் இல்லை என்பதும் நிச்சயம்.

கொழும்பிலே புதிதாக இறக்குமதியாகிற கார் இரண்டு வழியாகக் கிடைக்கும். ஒன்று, வத்தளையிலுள்ள டொயோட்டா லங்கா போன்ற ஏஜென்சி. அங்கே விலை அச்சடித்த விலை. அதிலே பெரிதாகக் குறைக்க இடமில்லை. உத்தரவாத காலத்தை நீடித்துத் தருவது, முதற் சில சேவிஸ்களை இலவசமாகச் செய்வது, தரைவிரிப்பு, ரிவர்ஸ் கமரா போன்றவற்றைச் சேர்த்துத் தருவது என்ற அளவில் கேட்கலாம். கேட்டால் கிடைப்பதும் உண்டு. மற்றது, நாம் 'கார் சேல்' என்கிற இடங்கள். நுகேகொடையிலும், தெல்கந்தையிலும், நீர்கொழும்பு வீதி நெடுகிலும் இருக்கிற இவற்றில் ஜப்பானிய ஏலங்களில் எடுத்து வரப்படுகிற கார்கள் நிற்கின்றன. உண்மையான விலைபேச்சுக்கு இடமுள்ளது இங்கேதான். ஆகையால் இதைப்பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் வசிக்கிற என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளுக்காக ஒரு சின்ன ஹைபிரிட் கார் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். அவர் முதலிற் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கொட்டாஞ்சேனையிலே துறைமுகத்தோடு தொழிற்சம்பந்தம் உள்ளவர்களுக்குக் குறைவில்லை; அவருடைய அயல்வீட்டுக்காரரே பல காலம் வார்ஃப் கிளார்க்காக இருந்தவர். நண்பர் கேட்டுக்கொண்டபடி அந்த மனிதர், பழைய கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கத்திலே, அந்த ரகக் கார் ஜப்பானிலே என்ன விலைக்குப் போகிறது, ஒரு யென் எத்தனை ரூபாய், கப்பற் கூலி எவ்வளவு, தீர்வை எவ்வளவு, அந்த எஞ்சினுக்குரிய உற்பத்தி வரி எவ்வளவு என்று வரி வரியாக எழுதி, அடியிலே ஒரு கோடு இழுத்துக் கூட்டிக் கொடுத்திருந்தார். வரி வீதங்கள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறுமாதலால், அந்த மாதத்திலே அமுலில் உள்ளவற்றையே அவர் எடுத்திருந்தார். அந்தக் கூட்டுத்தொகைக்கும் கார் சேலிலே கேட்ட விலைக்கும் இடையே இருந்த வித்தியாசந்தான் பேச்சுவார்த்தையின் எல்லை. நண்பர் அந்தக் கொப்பித் தாளை மேசையில் விரித்து வைத்ததும், 'முழுக்க வரி' என்ற வாசகம் அதற்குப்பின் ஒரு தரமும் கேட்கவில்லை. விற்பனையாளர் கோபிக்கவும் இல்லை. கணக்குத் தெரிந்தவரோடு பேசுகிற மரியாதையோடு, துறைமுகச் செலவு ஒன்று விட்டுப்போயிருப்பதாகச் சுட்டிக்காட்டினார். அது நியாயமாகவே இருந்தது. அதைச் சேர்த்த பின்பு, எஞ்சிய இடைவெளியை இருவரும் ஏறக்குறைய நடுவிலே பிரித்துக்கொண்டார்கள். வியாபாரிக்கும் இலாபம் வேண்டும். அவர் பணத்தை முடக்கி, நட்டத்துக்குத் துணிந்து, காரை இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்த இலாபத்தை ஒழிப்பது நம் நோக்கமாக இருக்கலாகாது.

அன்றைக்கு நண்பர் பார்த்த இன்னொரு பத்திரம் ஏலத் தாள். ஜப்பானிய ஏல நிலையத்திலே ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் எழுதப்படுகிறது. மேல் மூலையிலே 4, 4.5, 5 என்று தரம்; பக்கத்திலே உட்புறத்துக்கு ஓர் எழுத்து; கீழே காரின் உருவம் வரையப்பட்டு, கீறல் உள்ள இடத்தில் 'ஏ1', நெளிவுள்ள இடத்தில் 'யூ2', பழுதுபார்த்து நிறம் பூசிய இடத்தில் 'டபிள்யூ', மாற்றப்பட்ட பாகத்துக்கு 'எக்ஸ்எக்ஸ்' என்று குறிகள். தரம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' என்ற எழுத்து நின்றால், விபத்திலே அடிபட்டுத் திருத்தப்பட்ட கார் என்று கொள்ள வேண்டும். கையிலே தருகிற பிரதியை மாத்திரம் நம்பாமல், செஸி இலக்கத்தைக் கொண்டு அந்தத் தாளை வேறாகப் பெற்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். சிறு கட்டணத்துக்கு இதைச் செய்து தருகிறவர்கள் உண்டு. 4.5 தரத்துக் காருக்குக் கேட்கிற விலையை 'ஆர்' தரத்துக் காருக்கும் கேட்கிறார்களா என்பது இந்த ஒரு காரியத்தினால் வெளிப்பட்டுவிடும். பாவித்த நிலையில் வருகிற கார்கள் மூன்று வருஷத்துக்கு மேற்பட்டவையாக இருக்கக்கூடாது என்பது இறக்குமதி திறந்தபோது வந்த விதி. ஆகவே உற்பத்தியான மாதத்தையும் பார்க்க வேண்டும். 'பிராண்ட் நியூ' என்று சொல்லப்படுகிற கார் ஜப்பானிலே ஒரு தரம் பதியப்பட்டதா இல்லையா என்பதை ஏற்றுமதிச் சான்றிதழே சொல்லும்.

விலைபேச்சிலே நம் பக்கத்துப் பலம் எதில் இருக்கிறதென்று பலர் அறிவதில்லை. 2025ஆம் ஆண்டு விதிகளின்படி, இறக்குமதியான கார் 90 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே பதியப்பட வேண்டும். தவறினால், காரின் இறக்குமதிப் பெறுமதியில் மாதம் 3 சதவீதம் தண்டமாகச் சேரும். ஆகையால் 'இந்தக் கார் எந்தத் திகதியிலே துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது?' என்று கேட்பது, விலையைக் கேட்பதைவிடப் பிரயோஜனமான கேள்வி. இரண்டு மாதம் வெயிலிலே நின்ற காருக்கும், நேற்று வந்திறங்கிய காருக்கும் விற்பனையாளர் காட்டுகிற தயவு ஒன்றாக இராது. அதேபோல, 'டொலர் ஏறிவிட்டது' என்று விலையை உயர்த்துகிறபோது, நம் முன்னே நிற்கிற காருக்கு யென்னும் வரியும் பழைய விலையிலேயே கட்டியாகிவிட்டன என்பதை நினைவூட்டலாம். அடுத்த காரை அவர் புதிய விலைக்கே எடுக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். அதிலே ஒரு பகுதியை ஏற்கலாம், முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை.

உற்பத்தி வரி எஞ்சினின் அளவைப் பார்த்து விதிக்கப்படுவதிலிருந்து இன்னொரு சூட்சுமமும் பிறக்கிறது. ஒரே எஞ்சின் பொருத்திய சாதாரண ரகமும் உயர்ந்த ரகமும் அந்த வரியை ஒரே அளவாகவே செலுத்துகின்றன. ஆகவே, சொகுசு வரி விழாத கார்களாயின், இரண்டுக்குமிடையே விலை வித்தியாசம், ஜப்பானிய விலை வித்தியாசத்தையும் அதன்மேல் ஏறுகிற தீர்வையையும் பெறுமதிசேர் வரியையும் தாண்டலாகாது. அதற்கு மேலே கேட்கப்படுவது வியாபாரியின் பங்கு. அதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

வெள்ளவத்தைக் குடும்பங்களுக்கு மட்டும் விசேஷமாக ஒன்று சொல்ல வேண்டும். விற்பனையாளர் தேநீர் கொடுத்து உபசரித்துக்கொண்டே, "வெளியிலை ஆர் இருக்கினம், அண்ணை?" என்று அன்போடு கேட்பார். கனடாவிலே தம்பி இருக்கிறார், காசு அவர்தான் அனுப்புகிறார் என்று சொன்ன கணத்திலே, ரூபாய்க் கணக்கிலே இருந்த விலை அவர் மனத்திலே டொலர்க் கணக்குக்கு மாறிவிடும். தைப்பூசத்துக்கு முன் மயூரபதி அம்மன் கோவில் வாசலில் எலுமிச்சங்காய் நசித்துப் பூசை போட நாள் பார்த்தாயிற்று என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள் குறித்துவிட்டவர் வேறு இடம் தேடிப் போகமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கனடாத் தம்பி தொலைபேசியிலே சொல்கிற ஆலோசனைகளையும் நிதானித்தே ஏற்க வேண்டும். அமெரிக்காவிலே 1958இல், செனற்றர் மொன்ரோனியின் முயற்சியால், புதுக் காரின் கண்ணாடியிலே உற்பத்தியாளர் குறித்த விலையையும், மேலதிக உறுப்புக்களின் விலையையும், கொண்டுவந்த கூலியையும் தனித்தனியே எழுதி ஒட்ட வேண்டுமென்று சட்டம் வந்தது. வட அமெரிக்காவிலே விலைபேசுகிறவர்களின் தைரியத்துக்கு அப்படிப்பட்ட வெளிப்படை ஓர் ஆதாரம். கொழும்பிலே கார் சேல் கண்ணாடியில் அப்படியொரு தாள் இல்லை. அந்தத் தாளை நாமே, கொட்டாஞ்சேனை வார்ஃப் கிளார்க்கைப் போல, எழுதிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இதை வர்த்தகர்கள் எழுதி ஒட்ட வேண்டுமென்று நமது அரசாங்கமும் விதித்தால் எத்தனை குடும்பங்களின் பணம் மிஞ்சும் என்று நான் பல தடவை எண்ணியதுண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருக்கவே இருக்கிறது.

விலையிலே விட்டதை லீசிங்கிலே பிடித்துக்கொள்வது இத்தொழிலிலே சாதாரணம். "விலையை விடுங்கோ, மாசம் எவ்வளவு கட்டலாம்?" என்று பேச்சைத் திருப்புகிறபோது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முப்பது இலட்சத்துக்கு வருஷம் 8 சதவீதம் என்று சொல்லி, ஐந்து வருஷத்துக்குப் பன்னிரண்டு இலட்சம் வட்டியை முதலிலேயே கூட்டி, மாதம் எழுபதினாயிரம் என்று எழுதிக் கொடுத்தால், தவணைக்குத் தவணை முதல் குறைந்து வருவதைக் கணக்கிலெடுத்துப் பார்க்கும்போது, உண்மையான வட்டி 14 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. காரின் விலையை முற்றாக முடித்த பின்பே லீசிங்கைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும். அதையும் காப்புறுதியையும் விற்பனையாளர் காட்டுகிற கம்பனியிலேயே எடுக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கிறபோது, செஸி இலக்கம், ஏற்றுக்கொண்ட முழு விலை, அதிலே பதிவுச் செலவு அடங்குமா இல்லையா, கார் கைக்கு வருகிற திகதி, இடையிலே வரியோ நாணய மாற்றோ மாறினால் அது யார் தலையில் விழும், வியாபாரம் முறிந்தால் அட்வான்ஸ் திரும்புமா என்பவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக் கையொப்பம் வாங்க வேண்டும். வரி மாற்றத்தைப் பற்றிய வாசகத்தை எழுத மறுக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாமென்றே நான் சொல்வேன். லீசிங் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களை, முக்கியமாகத் தவணை தவறினால் காரைப் பறிமுதல் செய்கிற பிரிவை, அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.