கேள்விக்கு இடங்கொடுத்த வியாபாரி

"சங்கத்தின் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, யாரும் வந்து எதையும் கேட்கலாம்" என்று சொல்லாத தலைவர் இல்லை. ஆயினும், கொடுத்த நூலின் எடைக்கும் கொண்டுவந்த துணியின் எடைக்கும் வித்தியாசம் இருப்பதாகக் கூலியில் பிடித்தம் செய்யப்பட்ட அன்று, அந்தக் கதவினுள் நுழைந்து காரணம் கேட்கும் நெசவாளர் எத்தனை பேர்? பருத்தி மூட்டை வீட்டில் ஒரு நிறையும் சங்கத்துத் தராசில் வேறு நிறையும் காட்டியபோது, அதை வாய்விட்டுச் சொல்லும் விவசாயி எத்தனை பேர்? கேட்டால் அடுத்த பாவு தாமதமாகுமோ, அடுத்த மூட்டை மட்டமென்று ஒதுக்கப்படுமோ என்ற அச்சம் வாயை அடைத்துவிடுகிறது. தலைவரோ, எவரும் குறை கூறவில்லை, ஆகையால் குறையே இல்லை என்று எண்ணிக்கொள்கிறார். மௌனத்தைத் திருப்தியென்று கொள்ளும் இந்தத் தவறு, நல்ல ஸ்தாபனங்களையும் உள்ளிருந்தே அரித்துவிட வல்லது.

இத்தவற்றை உணர்ந்து, அதற்கு மாற்று ஏற்பாடு செய்த ஒருவரின் வரலாறு நாம் அறியத்தக்கது. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தங்கள் சிறு சேமிப்பைத் திரட்டிக் கூட்டுறவுக் கடை தொடங்கிய கதையை வாசகர்கள் அறிவார்கள்; அவர்களுள் நெசவாளர்கள் பலர். அங்கே இயக்கம் கீழிருந்து எழுந்தது. லண்டனில் துணி வியாபாரம் செய்த ஜான் ஸ்பீடன் லூயிஸ் என்பவரோ முதலாளியின் மகன். மேலிடத்தில் இருந்துகொண்டே தம் அதிகாரத்திற்குத் தாமே கரை கட்டியவர். ஆகையால் பொறுப்பில் இருப்போருக்கு அவர் வரலாறு தனிப்பட்ட பாடமாகிறது.

ஸ்பீடன் லூயிஸ் 1885ல் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் லூயிஸ், 1864ல் லண்டன் ஆக்ஸ்போர்டு வீதியில் ஒரு சிறு துணிக்கடை திறந்து, அதைப் பெரிய வியாபாரமாக வளர்த்தவர். 1909ல் மகன் குதிரையிலிருந்து விழுந்து பலத்த காயமுற்றார். நீண்டகாலம் வேலைக்குச் செல்ல இயலவில்லை. அந்த ஓய்வில் கடையின் வரவு செலவைச் சிந்தித்த அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கடையில் ஏறத்தாழ 300 பேர் உழைத்தனர். அவர்கள் அனைவருடைய சம்பளத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும், தந்தையும் இரு மகன்களுமாகிய மூவர் அடைந்த வருமானத்தை அது தாண்டவில்லை. இது நியாயமும் அன்று, வியாபாரத்திற்கு நன்மையும் அன்று என்று அவர் முடிவுக்கு வந்தார்.

1914ல் பீட்டர் ஜோன்ஸ் என்ற மற்றொரு கடையின் நிர்வாகத்தைத் தந்தை அவரிடம் ஒப்படைத்தார். அது நலிவுற்றிருந்த கடை. ஆக்ஸ்போர்டு வீதியில் பகல் வேலையை முடித்த பின்னரே அங்கே போகலாம் என்பது தந்தையின் நிபந்தனை. மகன் அதற்கும் உடன்பட்டார். ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை முறைவைத்துச் சந்தித்து, அவர்கள் கூறுவதைக் கேட்கும் வழக்கத்தை அவர் தொடங்கினார். அக்கூட்டங்களில் மேலாளர்களுக்கு இடமில்லை. குறை கூறுபவரும் அவருக்கு வேலையிடுபவரும் ஒரே அறையில் அமர்ந்திருந்தால், உண்மை பாதியிலேயே நின்றுவிடும் அல்லவா?

1918ல் அவர் கடைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். ஊழியர் எவரும் அதற்குக் கடிதம் எழுதலாம். விரும்பினால் பெயரை மறைத்துக்கொள்ளலாம். கடிதம் அச்சாகும், அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதிலும் அச்சாகும். கேள்வி கேட்பது ஊழியரின் உரிமை. பதில் அளிப்பது அதிகாரியின் கடமை. முதலாளி நல்ல மனநிலையில் இருக்கும் வேளை பார்த்துக் கேட்க வேண்டிய நிலை இதனால் மாறிற்று.

தந்தைக்கு இந்தப் போக்குப் பிடிக்கவில்லை. இருவரின் வழிகளும் எங்கே கொண்டுசெல்லும் என்பதை 1920ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு தந்தையின் கடையில் ஏறத்தாழ 400 ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முதியவர் சிறிதும் இணங்கவில்லை. வெளியேறியவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். அதே ஆண்டில் மகனின் கடையில் லாபத்தை ஊழியர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டம் தொடங்கிற்று. ஒரே குடும்பம், ஒரே நகரம், ஒரே தொழில்; கேள்வியை ஏற்ற இடமும் ஏற்காத இடமும் இவ்வளவு வேறுபட்டன.

1928ல் தந்தை காலமானார். இரு கடைகளும் மகன் கைக்கு வந்தன. 1929ல் அவர் ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, ஸ்தாபனத்தின் லாபம் அதில் உழைப்போருக்கே சேருமாறு செய்தார். 1950ல் இரண்டாவது பத்திரத்தினால் அந்த ஏற்பாட்டை மாற்றவொண்ணாததாக்கினார். அங்கே ஊழியரைக் கூட்டாளி என்றே அழைப்பார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் பேரவைக்குத் தலைவரை விசாரிக்கும் உரிமை உண்டு. தேவையெனில் அவரை விலக்கும் அதிகாரமும் உண்டு. ஸ்பீடன் லூயிஸ் 1963ல் மறைந்தார். சட்டப்படி அது கூட்டுறவுச் சங்கம் அன்று. ஆயினும் அதன் உயிர்மூச்சு நமக்கு அந்நியமானதும் அன்று.

இத்தகைய ஏற்பாடு இருந்தால் நட்டமே வராது என்று எண்ணிவிடக் கூடாது. கொரோனா தொற்றினால் கடைகள் மூடப்பட்ட காலத்தின் விளைவாக, 2021ல் அந்த ஸ்தாபனம் கூட்டாளிகளுக்குப் போனஸ் வழங்க இயலாமற் போயிற்று. 1953க்குப் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் தடவை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் பேரவை கூடி, முந்தைய ஆண்டின் செயல்பாட்டில் தலைவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது; ஆனால் வருங்காலத் திட்டத்திற்கு ஆதரவும் அளித்தது. வெளிப்படையான நிர்வாகம் கஷ்டத்தை விலக்கிவிடாது. கஷ்டம் வந்தபோது, அதை மறைக்காமல் எல்லோரும் சேர்ந்து பேசுவதற்கு ஓர் இடத்தை அது அளிக்கிறது.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். நம்மிடம் ஒருவருக்கு ஒரு வாக்கு இருக்கிறது, பொதுக்குழு இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. ஸ்பீடன் லூயிஸ் பாடுபட்டு உண்டாக்கியவற்றுள் பல நமக்குச் சட்டமே தந்திருக்கின்றன. குறைவது நாள்தோறும் நடக்க வேண்டிய பழக்கந்தான். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

முதலாவது, கணக்கு கண்ணுக்குத் தெரியவேண்டும். நூல் வாங்கிய விலை, இரகவாரியான கூலி, விற்ற துணி, இருப்பில் தேங்கிய துணி ஆகியவற்றை மாதந்தோறும் எளிய தமிழில் சங்கத்துப் பலகையில் எழுதி வைக்கலாம். தராசு எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கவேண்டும். பிடித்தம் செய்தால் அதன் காரணத்தைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். இரண்டாவது, பெயரில்லாமலும் கேட்க வழி வேண்டும். பூட்டிய பெட்டி ஒன்று போதும். ஆனால் அதன் சாவி காரியதரிசியிடம் இருக்கக் கூடாது. அங்கத்தினர் தேர்ந்தெடுத்த இருவர் அதைத் திறக்கட்டும். மூன்றாவது, பதிலுக்குக் கெடு வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு கேள்வியையும் படித்து, பதிலையும் படிக்கவேண்டும். "இயலாது" என்பதும் பதில்தான். காரணத்தோடு சொன்னால் அங்கத்தினர் ஏற்பர்.

பெயரில்லாக் கடிதம் பொறாமைக்கும் அவதூறுக்கும் இடந்தரும் என்று சிலர் அஞ்சலாம். அச்சம் நியாயமானதே. தனிமனிதரின் குடும்ப விவகாரத்தையும், ஓர் அங்கத்தினர் பெற்ற கடனையும் பலகையில் ஏற்றக் கூடாது. ஒப்பந்தப் புள்ளிகளின் விலையைத் திறக்கும் நாளுக்கு முன் வெளியிடவும் கூடாது. இந்த வரம்பை முன்னதாகவே எழுதி வைத்துவிட்டால் குழப்பம் இராது. மற்றபடி, அவதூறு டீக்கடையில் உலாவுவதைவிடப் பெட்டிக்குள் வருவது மேல். பெட்டிக்குள் வந்ததற்குப் புள்ளிவிவரத்தோடு பதில் சொல்லலாம்; டீக்கடையில் உலாவுவதற்கு யார் பதில் சொல்வது?

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். நேர்மையான நிர்வாகி கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. நெசவாளர் தம் பங்குத் தொகையை மட்டும் சங்கத்தில் போடவில்லை. தம் பிள்ளைகளின் சோற்றையும் அதை நம்பியே வைத்திருக்கிறார். தாம் ஏமாற்றப்படுகிறோமோ என்ற ஐயம் ஒருமுறை புகுந்துவிட்டால், அவர் சத்தமின்றி வெளி வியாபாரியிடம் பாவு வாங்கப் போய்விடுவார். விவசாயியும் தம் மூட்டையை வேறு வண்டியில் ஏற்றிவிடுவார். அப்போது தலைவருக்கு எஞ்சுவது திறந்த கதவும், உள்ளே வர ஆளில்லாத அறையுந்தான். அந்நிலை வருமுன், அடுத்த கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தைக் கேள்விகளுக்கென்றே ஒதுக்கிவைப்போம்.