விரலுக்கு யூடியூப், காதுக்கு யார்?

பாபநாசம் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. பித்தளைச் செம்பில் சாய்த்து வைத்த செல்போன். எதிரே பதிமூன்று வயதுப் பையன், மடியில் கிடார். வாசிப்பது ‘இளைய நிலா’ பாட்டில் வரும் கிடார். 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்த நாளிலிருந்து, தமிழ்நாட்டில் கிடார் தொட்டவர்கள் ஒருமுறையாவது முட்டி மோதிப் பார்க்கும் இடம் அது. பையன் காணொளியைப் பாதி வேகத்துக்கு இறக்கி, நாலு விநாடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இரண்டே வாரத்தில் பிடித்துவிட்டான். வாத்தியார் கிடையாது, சம்பளம் கிடையாது.

உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பாயி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “தம்பி, அந்த எடம் வரும்போதெல்லாம் இழுக்குதுடா. திருப்பி வாசி.”

“சரியாத்தான் வாசிக்கிறேன் அப்பாயி.”

“நீ வாசி சொல்றேன்.”

பையன் போனிலேயே பதிவு செய்து போட்டுக் கேட்டான். இழுத்தது. விரல் மாற்றும் இடத்தில் ஒவ்வொரு முறையும் இம்மியளவு தாமதம். அப்பாயி கிடாரைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. கோயில் நாயனமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது, அவ்வளவுதான். இரண்டு வாரம் கூடவே இருந்த செல்போனுக்குத் தெரியாத பிழை, கீரை ஆய்ந்தபடி இருந்தவருக்கு எப்படித் தெரிந்தது?

திரை தரும் வரம்

முதலில் திரைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். யூடியூப் தொடங்கியது 2005இல். அடுத்த ஆண்டே தென்கொரியாவின் சுங்ஹா ஜங் என்ற பத்து வயதுச் சிறுவனின் கிடார் வாசிப்பு அதில் ஏறத் தொடங்கியது. அப்பா கிடார் வாசிப்பதைப் பார்த்தும், இணையத்தில் பிறர் வாசிப்பதைப் பார்த்தும் கற்றுக்கொண்ட பிள்ளை. அவனைப் பார்த்துக் கிடார் எடுத்த குழந்தைகள் உலகமெங்கும் உண்டு.

இதற்குப் பின்னால் ஓசையில்லாமல் வேலை செய்யும் ஒரு கணிதம் இருக்கிறது. கிராமபோன் காலத்தில் இசைத்தட்டைக் கேட்டுப் பாட்டுப் பிடித்தவர்கள் தஞ்சை ஜில்லாவில் ஏராளம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். வேகச் சங்கதி பிடிபடவில்லை என்று நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டை 39 சுற்றாகக் குறைத்தால் ஸ்ருதியும் ஒரு ஸ்தாயி கீழே விழுந்துவிடும். பெண் குரல் ஆண் குரலாகிவிடும். வேகமும் ஸ்ருதியும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடுகள். அந்தக் கட்டை அவிழ்க்கும் ‘ஃபேஸ் வோகோடர்’ முறையை 1966இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளானகனும் கோல்டனும் உருவாக்கினார்கள். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன என்று கணக்கிட்டு, ஸ்ருதி கெடாமல் நேரத்தை மட்டும் நீட்டும் வித்தை. இன்று செல்போனில் பாதி வேகம், கால் வேகம் என்று விரலால் தட்டுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே நோக்கத்துக்கான கணக்குதான்.

மெதுவாக வாசித்துப் பழகு என்பது சரளி வரிசையை மூன்று காலத்தில் சாதகம் செய்யும் நம் ஊருக்குப் புதிய உபதேசம் இல்லை. எந்த வித்வானையும் மெதுவாக வாசிக்கச் சொல்லி நூறு தடவை கேட்கலாம், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதுதான் புதியது.

மெட்டு கண்ணுக்குத் தெரியும்

கிடார் கண்ணால் கற்றுக்கொள்ளத் தோதான வாத்தியம். எந்த விரல் எந்தக் கட்டத்தில் என்பது அப்படியே தெரிகிறது. அந்தக் கட்டங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகளுக்குத் தஞ்சாவூரில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: மெட்டு.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் வீணைக்கு 24 மெட்டுகள் நிலைப்பட்டன என்பது மரபு. ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி. பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்தால் தந்தி பாதியாகி மேல் ஷட்ஜம் பேசும். இருபத்து நாலாவது மெட்டில் கால் பாகமாகி அதற்கும் மேலே ஒரு ஷட்ஜம். கிடாரிலும் பன்னிரண்டாம் மெட்டில் இதேதான். 65 சென்டிமீட்டர் தந்தி கொண்ட கிடாரில் முதல் மெட்டு சுமார் 3.65 சென்டிமீட்டரில் இருக்கும். மேலே போகப் போக இடைவெளி குறுகும். பன்னிரண்டாம் மெட்டைத் தாண்டியதும் அது சரிபாதியாகிவிடும். ஒவ்வொரு மெட்டுக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு கூடவேண்டும் என்ற ஒரே கணக்கிலிருந்து பிறக்கும் வரிசை இது.

வித்தியாசம் மெட்டைப் பதிப்பதில் இருக்கிறது. கிடாருக்கு இயந்திரம் அளந்து வெட்டித் தருகிறது. தஞ்சாவூர் வீணையில், பலா மரத் தண்டியின் மேல் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த சட்டத்தில், தந்தியை மீட்டிக் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டாக நகர்த்தி உட்கார வைப்பார்கள். ‘மேளம் கட்டுதல்’ என்று இதற்குப் பெயர். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வீணையின் உயிர் கடைசியில் ஒருவர் காதில்தான் முடிவாகிறது.

கண்ணின் எல்லையும் இங்கேதான் வருகிறது. ஸ்வரம் எந்த மெட்டில் என்று திரை காட்டிவிடும். கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, காட்ட முடியாது. வீணையில் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இறுக்கம் கூடி ஸ்ருதி ஏறும். இறுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் அதிர்வெண் கூடும் என்பதால், ஒரு முழு ஸ்வரம் ஏறுவதற்கே நன்றாக இழுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு இழுத்தால் தோடியின் காந்தாரம், எவ்வளவு இழுத்தால் அது வேறெதுவோ என்பதைக் காணொளியில் தெரியும் விரல் சொல்லாது. ஐஐடி மெட்ராஸில் படித்து, பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்கும் போன ஆர். பிரசன்னா மின்கிடாரில் கர்நாடக இசையை வாசித்துக்காட்டுகிறார் என்றால், அந்த உலோக மெட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடங்களைக் காது தேடிப் பிடித்திருக்கிறது என்று பொருள்.

மாண்டலின் தெரியாத குரு

இளம் மேதை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். அப்பா சத்தியநாராயணாவின் மாண்டலினை ஆறு வயது வாக்கில் எடுத்தார். 1978இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. சில ஆண்டுகளில் சென்னை, 1983இல் பெர்லின் ஜாஸ் விழா.

அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை மாண்டலினில் தேடி எடுப்பான். விரல் வைக்கும் முறையைக் காட்டித்தர அந்தக் குருவால் முடியாது. அவரால் முடிந்தது கேட்டுத் திருத்துவது.

காவிரிக் கரையிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1908இல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு வாய்ப்பாட்டு கற்பித்த குருமார்களில் ஒருவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். அவர் கையாண்டது கோட்டுவாத்தியம். மெட்டே இல்லாத தந்தியின் மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும், கிடாரின் தூரத்து உறவு. வாத்தியக்காரரிடமிருந்து பாடகர், பாடகரிடமிருந்து மாண்டலின்காரர்.

இன்னும் நூறு வருடம் பின்னால் போனால், திருவாரூரில் பிறந்த பாலுஸ்வாமி தீட்சிதர். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்று வருடம் வயலின் கற்றார். வில்லைப் பிடிக்கச் சொல்லித்தந்தவருக்கு நம் ராகங்கள் எங்கே தெரிந்திருக்கப் போகிறது? அதற்கான காதுகள் வீட்டிலேயே இருந்தன. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடை நமக்கு வெறிச்சோடித் தெரிகிறது.

மூன்று கதையிலும் விரல் பாடம் எங்கிருந்தோ வந்தது, அல்லது வரவே இல்லை. பக்கத்தில் கேட்கும் காது மட்டும் எப்போதும் இருந்தது.

தூர் வாரிய வாய்க்கால்

மேதைப் பிள்ளைகள் பிறக்கிறார்களா, உருவாகிறார்களா? 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு பெர்லின் இசை மாணவர்களை ஆராய்ந்து, சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியே சாதகம் செய்திருந்தார்கள் என்றது. ‘பத்தாயிரம் மணி நேரம்’ மந்திரமாகிவிட்டது. ஆனால் 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசைத் திறமையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சாதகம் விளக்கியது சுமார் 21 சதவீதம்தான். எட்டு மேதைக் குழந்தைகளைச் சோதித்த ஜோன் ரூத்சாட்ஸ் 2012இல் சொன்னது இன்னொன்று: அறிவுத்திறன் மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறியது, ஆனால் கேட்டதை மனதில் நிறுத்தி வைத்துக் கையாளும் நினைவுத்திறனில் எட்டுப் பேரும் நூறில் ஒருவர் வரிசையில் இருந்தார்கள். குரு பாடிய நீண்ட சங்கதியை அப்படியே வாத்தியத்தில் திருப்பும் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

வயதும் முக்கியம். 1995இல் தாமஸ் எல்பர்ட் குழு, ஒரு கிடார் கலைஞர் உட்பட ஒன்பது தந்தி வாத்தியக்காரர்களின் மூளையைப் பார்த்தது. தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கு மூளை ஒதுக்கிய பரப்பு மற்றவர்களைவிட அதிகம். சின்ன வயதில் தொடங்கியவர்களிடம் இன்னும் அதிகம்.

சாதகம் செய்யச் செய்ய, நரம்பு இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை வளர்கிறது. உறையற்ற மெல்லிய இழையில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகரும் செய்தி, நன்றாக உறை கட்டிய இழையில் நூறு மீட்டர் வரை பாயும். டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமுன் வாய்க்கால் தூர் வாரியிருந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: எந்த வாய்க்காலை வாருகிறோமோ அதில்தான் தண்ணீர் ஓடும். தப்பாக வாசித்ததையே நூறு தடவை வாசித்தால், தப்புக்குத்தான் பாதை ஆழமாகும். திண்ணைப் பையனின் இழுவை இரண்டு வாரத்தில் அப்படித்தான் ஊறிப்போயிருந்தது. மெதுவாக ஓடிய காணொளி அவனைக் கேட்கவில்லை. அவனுக்கோ விரலைப் பார்ப்பதிலேயே முழுக் கவனமும் போய்விட்டது.

ஒலி நடக்கும் தூரம்

சரி, நேரலை வகுப்பு இருக்கிறதே, அங்கே குரு கேட்கிறாரே? கேட்கிறார். ஆனால் தாமதமாக.

ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. திருவையாற்றில் ஆராதனை நாளில் பஞ்சரத்தினம் பாட வரிசை வரிசையாக உட்காருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி இல்லையென்றால், 35 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு முன்வரிசைப் பாட்டு பத்தில் ஒரு விநாடி பிந்தித்தான் சேரும். தாளம் போடும் கைகள் கண்ணுக்குத் தெரிவதால் சமாளிக்கிறார்கள், ஒளி தாமதிப்பதில்லை.

இணையத்தில் படமும் ஒலியும் சேர்ந்தே தாமதிக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃப் குழு இருவரைத் தனித்தனி அறையில் வைத்துச் சேர்ந்து கைதட்டச் சொல்லிப் பார்த்தது. இடையில் சுமார் 11 மில்லி விநாடி தாமதம் இருந்தால் காலப்பிரமாணம் நிலையாக நிற்கிறது. அதைத் தாண்டத் தாண்ட, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து தாளம் தளர்கிறது. 11 மில்லி விநாடி என்பது ஏறக்குறைய நாலு மீட்டர் தூரம். ஒரு கூடத்தில் குருவும் சீடனும் உட்காரும் தூரத்துக்குள் அடங்கும். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் இதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் ஆன்லைன் வகுப்பில் குரு ஒரு வரி பாடி நிறுத்துவார், பிறகு பிள்ளை பாடும். சேர்ந்து பாடி, சங்கதி நடுவிலேயே ஒரு கண்ஜாடையில் திருத்தும் சுகம் அதில் இல்லை.

பட்ரிசியா குல் 2003இல் செய்த சோதனையும் இங்கே பேசும். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர் நேரில் வந்து விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே ஆட்கள் அதே விஷயத்தைத் திரையில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. 2018இல் அவரது குழுவின் இன்னொரு சோதனை: திரையின் முன் குழந்தையைத் தனியே விடாமல் பக்கத்தில் இன்னொரு குழந்தையை உட்கார வைத்ததும் கற்றல் கூடியது. மொழிக்குச் சொன்னது இசைக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் துணைக்கு வந்தது பண்டிதர் இல்லை, இன்னொரு கைக்குழந்தை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பாய் போதும்

ஊரில் கிடார் வாத்தியார் இல்லையே என்று கவலைப்படும் பெற்றோருக்கு இதில் ஆறுதல் இருக்கிறது. விரல் பாடத்துக்குத் திரை தாராளமாகப் போதும்; சுப்பராஜு காலத்தில் அதுவும் இல்லை. பிள்ளை தினமும் ஒருமுறை தன் வாசிப்பைப் பதிவு செய்து, கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும். வாசிக்கும்போது மறைந்துகொள்ளும் பிழை அப்போது வெளியே வரும். வாரத்துக்கு ஒரு நாள், வாய்ப்பாட்டோ வீணையோ நாயனமோ, இசை தெரிந்த யாரிடமாவது வாசித்துக் காட்டட்டும். அவருக்குக் கிடார் தெரிய வேண்டியதில்லை.

மற்ற நாட்களுக்கு வீட்டில் இருப்பவர்களே போதும். கிடார் வாங்கிக் கொடுத்தாயிற்று என்றால், பக்கத்தில் ஒரு பாயையும் விரித்துவிடுங்கள். கீரை ஆய்வதை அங்கேயே உட்கார்ந்து ஆயலாம்.