கால்நடைகளுக்கு எக்ஸ்-கதிர்ப்படம்: அளவு கணிக்கும் முறை

வயலிற் சறுக்கி வீழ்ந்த எருது காலை ஊன்ற மறுக்குமாயின், எலும்பு முறிந்துள்ளதா என்பதைப் புறத்தோற்றத்தால் மாத்திரம் துணிதல் அரிது. எக்ஸ்-கதிர்ப்படம் அதனைக் காட்டும். ஆயினும் கதிரின் அளவு பிழைப்பின் பிலிம் வெளிறும் அல்லது கறுக்கும். மீண்டும் படமெடுக்க நேரின், மாட்டைப் பிடித்திருப்பவரும் மீண்டும் கதிருக்கு ஆளாவர்.

ஆதலால் மிருக வைத்தியர் முதலிற் காலின் தடிப்பை அளப்பர். கதிர்க்குழாய் பிலிமிலிருந்து 100 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பின், தடிப்பை 2 ஆற் பெருக்கி 40 ஐக் கூட்ட, வேண்டிய கிலோவோற்று அண்ணளவாகக் கிடைக்கும். 8 சென்ரிமீற்றர் தடிப்புக்கு 16 + 40 = 56 கிலோவோற்று ஆகும்.

மில்லியம்பியரைச் செக்கனாற் பெருக்கக் கதிரின் தொகை பெறப்படும். 100 மில்லியம்பியர் 0.1 செக்கனிலும், 200 மில்லியம்பியர் 0.05 செக்கனிலும் 10 என்னும் ஒரே தொகையையே தரும். அசையும் மாட்டுக்குக் குறுகிய நேரமே ஏற்றது, படம் கலங்காது. இவை தொடக்க அளவுகளே. அந்தந்தக் கருவியின் அட்டவணைப்படி இவை திருத்தப்படும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. காலிற் படிந்த சேற்றை மெதுவாகக் கழுவி ஈரம் உலர விடுதல். சேறும் ஈரமும் படத்தில் நிழலாக விழும்.

2. மாட்டைப் பிடிப்பவர் ஈய அங்கியும் ஈயக் கையுறையும் அணிதல். அவை சிதறுங் கதிரையே தடுப்பன. ஆகவே நேர்க்கதிரிற் கை படலாகாது.

3. கர்ப்பிணிகளும் 18 வயதுக்குட்பட்டோரும் அறைக்கு வெளியே நிற்றல்.

4. ஏனையோர் விலகி நிற்றல். தூரம் இருமடங்காகக் கதிர் ஏறக்குறைய நாலிலொன்றாகும்.

முதற்படமே திருத்தமாக அமையின் எருதுக்குச் சிகிச்சை தாமதமின்றித் தொடங்கும். பிடித்தவருக்கும் கேடு குறையும்.