மூளைக்குள் சிப் ஓகே... தயாரித்த கம்பெனியே மூடிவிட்டால்?

மனித மூளையும் கம்ப்யூட்டரும் ஒன்றாகிவிடும் என்றால் பலருக்கும் ஹாலிவுட் படம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், 2004-லேயே அது தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ‘பிரெயின்கேட்’ ஆய்வில் பங்கேற்ற மேத்யூ நேகிள், கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர். மூளையில் பொருத்திய சிப் மூலம் திரையில் கர்சரை நகர்த்தினார். 2024 ஜனவரியில் எலான் மஸ்க்கின் நியூராலிங்க் சிப்பை முதலில் பொருத்திக்கொண்ட நோலண்ட் ஆர்பா, செஸ்ஸே ஆடினார்.

எப்படி வேலை செய்கிறது?

கையை அசைக்க நினைத்தாலே மூளையின் இயக்கப் பகுதியில் மின் துடிப்புகள் கிளம்பும். தண்டுவடம் அடிபட்டால் கைதான் அசையாது, துடிப்பு நிற்பதில்லை. அதைச் சிப்பில் இருக்கும் மின்முனைகள் பிடிக்கின்றன. நியூராலிங்கில் தலைமுடியைவிட மெல்லிய 64 இழைகளில் இப்படி 1,024 மின்முனைகள். ‘கர்சரை வலது பக்கம் நகர்த்து’ என்று அந்தத் துடிப்புக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது சாஃப்ட்வேர். அவ்வளவுதான் மேட்டர். மனசுக்குள் ஓடுவதையெல்லாம் படித்துவிடும் என்பது, இப்போதைக்கு, வாட்ஸ்அப் வதந்தி.

சில வாரங்களிலேயே ஆர்பாவின் மூளையிலிருந்து பல இழைகள் பின்வாங்கிவிட்டன. கர்சர் தடுமாறியது. நியூராலிங்க் பொறியாளர்கள் சாஃப்ட்வேரை மாற்றி அதைச் சரிக்கட்டினார்கள். சரிசெய்ய கம்பெனி இருந்தது, சரியானது. இல்லாவிட்டால்?

‘நோயாளி 6’

இது கற்பனைக் கேள்வி இல்லை. 3 வயதிலிருந்தே வலிப்பு நோயால் அவதிப்பட்ட ஆஸ்திரேலியப் பெண் ஒருவருக்கு, 2010-ல் தன் 49-வது வயதில் ‘நியூரோவிஸ்டா’ என்ற நிறுவனத்தின் கருவி பொருத்தப்பட்டது. மூளையின் துடிப்புகளை வைத்து, வலிப்பு வரப்போகிறதா என்பதை முன்கூட்டியே சொல்லும் கருவி. கையடக்கச் சாதனத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆபத்து. நீலம் என்றால் பயமில்லை. சிவப்பைப் பார்த்ததும் மாத்திரை போட்டுக்கொள்வார். எப்போது, எங்கே விழுவோமோ என்ற பயம் போனது. வெளியே போனார், வண்டி ஓட்டினார். நாளடைவில் கருவி வேறு, தான் வேறு என்ற எண்ணமே அவருக்கு மறைந்துவிட்டது.

அப்புறம் நியூரோவிஸ்டாவிடம் பணம் தீர்ந்தது. சோதனையில் பங்கேற்றவர்கள் கருவியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவரும் கணவரும் வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிவிடப் பார்த்தார்கள். முடியவில்லை. கடைசியாக எடுக்கப்பட்டது அவருடைய கருவிதான். டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர் ஃபிரெடரிக் கில்பர்ட், சக ஆய்வாளர்களுடன் 2023-ல் எழுதிய கட்டுரையில் இதை மனித உரிமைப் பிரச்சினையாகவே அணுகுகிறார். நியாயம்தானே? லோன் கட்டாததற்கு வண்டியை ஜப்தி செய்வதுபோலவா இது!

கண்ணிலும் இதே கதை. பார்வையிழந்தவர்களுக்காக விழித்திரையில் பொருத்தும் ‘ஆர்கஸ் 2’ கருவியை உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டோர் வைத்துக்கொண்டார்கள். 2019-ல் ‘செகண்ட் சைட்’ நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டே பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. கருவி பழுதானவர்கள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் முந்திக்கொண்ட நாடு சிலி. மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவல்களையும் பாதுகாக்க 2021-ல் அரசியல் சாசனத்தையே திருத்தியது. 2023-ல், தலையில் மாட்டும் கருவி மூலம் ஒரு முன்னாள் செனட்டரிடம் சேகரித்த மூளைத் தரவுகளை அழிக்கும்படி ‘எமோட்டிவ்’ நிறுவனத்துக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தரவுக்கு ஓரளவு காவல் கிடைத்தாயிற்று. ஆனால், கம்பெனி காணாமல் போனால் தலைக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரியும் அப்டேட்டும் யார் தருவது என்பது பற்றி அந்தத் திருத்தத்தில் ஒரு வரிகூட இல்லை.